கெர்னலின் துயிலும் விழிப்பும்

மடிக்கணினியைக் கையாளும் எவரும் நாளொன்றில் ஒருமுறையேனும் அதன் மூடியைச் சாய்த்துவிட்டு எழுந்து செல்கின்றனர். சிறிது நேரங் கழித்து மூடியைத் திறந்த அளவில், யாவும் விட்ட இடத்திலேயே இருக்கக் காண்கின்றனர். பாதி எழுதிய கட்டுரை அப்பாதியிலேயே நிற்கின்றது. திறந்த கோப்புகள் திறந்தபடியே கிடக்கின்றன. அன்றாட நிகழ்ச்சியாய்ப் போனமையின் இதன்கண் வியப்பொன்றும் எவர்க்கும் தோன்றுவதில்லை. ஆயினும் இந்நிகழ்ச்சி செவ்வனே நடைபெறுதற்குக் கணினியினுள்ளே எத்தனை வேலைகள் முறைபிறழாது நடத்தல் வேண்டுமென்பதையும், அவற்றுள் ஒன்று பிழைபடின் ஓராண்டின் உழைப்பு ஒரு நொடியிற் பாழாகக் கூடுமென்பதையும் அறிந்தார் சிலரே. ஆகலின் இவ்விஷயத்தைக் குறித்து ஈண்டுச் சிறிது விரித்துரைக்கப் புகுகின்றோம். உதாரணமாக நாம் எடுத்துக்கொள்வது லினக்ஸ் என்னும் இயக்க முறைமை. அதன் மூலநிரல் யாவரும் படித்துப் பார்த்தற்குத் திறந்து கிடத்தலின், உள்ளே நிகழ்வதை ஊகித்துக் கூறவேண்டுவதில்லை.

இயக்க முறைமையின் நடுவே நின்று, நினைவகத்தையும் சாதனங்களையும் நிரல்களையும் ஆண்டு நடத்தும் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். கெர்னலும் நிரல்களும் தொழில்புரியும் இடம் ராம் எனப்படும் நினைவகமாகும். அது வகுப்பறைக் கரும்பலகையை ஒத்தது. மின்னோட்டம் உள்ளவரை எழுதியது நிற்கும். மின்னோட்டம் அற்றால் எழுத்தனைத்தும் அழியும். வட்டோ நோட்டுப் புத்தகத்தை ஒத்தது. மெதுவாகவே எழுதலாகுமாயினும் எழுதியது நிலைக்கும். கணினியை உறங்கச் செய்தற்கு இரண்டு வழிகள் உள. கரும்பலகையில் எழுதியதை எழுதியபடியே விட்டு, அதனை எவரும் துடைத்துவிடாதபடி ஒரு காவலனை மாத்திரம் நிறுத்தி அறையின் மற்ற விளக்குகளையெல்லாம் அணைத்துவிடுவது ஒன்று. இதனை ஆங்கிலத்தார் சஸ்பெண்ட் என்பர். பலகையில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் நோட்டுப் புத்தகத்திற் பெயர்த்தெழுதிவிட்டு, காவலனையும் வீட்டுக்கனுப்பி, மறுநாள் புத்தகத்தைப் பார்த்துப் பலகையில் மீண்டும் அவ்வாறே எழுதிவிடுவது மற்றொன்று, இது ஹைபர்னேஷன். முன்னதை அறிதுயில் என்றும் பின்னதை நெடுந்துயில் என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம். குளிர்நாட்டு விலங்குகள் சில மாரிக்காலம் முழுதும் வளைக்குள் உறங்கிக் கிடப்பதினின்று ஹைபர்னேஷன் என்னும் பெயர் வந்தது. நம் நாட்டார்க்கு, ஏரி வற்றிய கோடையில் மண்ணுக்குள் புதைந்துகிடந்து முதல் மழைக்கு வெளிப்படும் தவளையே இதற்கு ஏற்ற உவமையாகும்.

துயில்முறைகள் இன்றைய ஒழுங்கினை எய்துமுன் பல மாறுதல்களைக் கண்டன. 1992ஆம் ஆண்டில் இண்டெல், மைக்ரோசாஃப்ட் ஆகிய இரு நிறுவனங்களும் வகுத்த ஏபிஎம் என்னும் விதியின்படி, மின்சிக்கனத்தின் பெரும்பொறுப்பு பொறியிலேயே பதிந்துள்ள பயாஸ் என்னும் நிரலிடம் இருந்தது. 1996ஆம் ஆண்டின் இறுதியில் அவ்விரு நிறுவனங்களும் தோஷிபாவுடன் கூடி வெளியிட்ட ஏசிபிஐ என்னும் விதி அப்பொறுப்பினை இயக்க முறைமையின் கையிற் கொடுத்தது. அவ்விதியில் எஸ் 0 என்பது விழிப்புநிலை. எஸ் 3 என்பது அறிதுயில். எஸ் 4 என்பது நெடுந்துயில். எஸ் 5 என்பது முற்றும் அணைந்த நிலை. லினக்ஸ் 1991ஆம் ஆண்டில் தோன்றியதாயினும், நெடுந்துயில் அதன் கெர்னலில் இடம்பெற்றது 2002ஆம் ஆண்டில், 2.5 என்னும் வளர்ச்சிப் பதிப்புத் தொடரிலேதான். காபோர் குதி என்பார் தொடங்கி, பாவெல் மாஹெக் என்பார் வளர்த்த வேலை அது. நைஜல் கன்னிங்ஹாம் என்பார் அதினின்று கிளைத்த வேறொரு முறையைப் பல்லாண்டு பேணி வந்தார். வேகத்தாலும் வசதியாலும் அதனை விரும்பினோர் பலராயினும், அது மூலக்கெர்னலிற் சேர்த்துக்கொள்ளப்படவேயில்லை. நல்லது யாவும் ஏற்கப்படுமென்பது பொறிநூலிலும் விதியன்று.

இனி அறிதுயிலின் முறையைக் கூறுவாம். துயில்க என்னும் ஆணை பிறந்தவுடன் கெர்னல் முதலிற் செய்வது, வட்டுக்கு எழுதவேண்டி நின்றவற்றை எழுதிவிட்டு, இயங்கும் நிரல்கள் அனைத்தையும் உறையச் செய்தல். பயனர் நிரல்கள் முன்னும், கெர்னலின் சொந்த வேலையாட்களிற் சிலர் பின்னுமாக உறைவிக்கப்படுகின்றனர். இதற்குச் சாதாரணமாய் 20 விநாடி தவணை உண்டு. அத்தவணைக்குள் ஒரு நிரல் உறைய மறுப்பின் முயற்சி முழுதும் கைவிடப்பட்டுக் கணினி விழித்தபடியே இருக்கும். மூடியைச் சாய்த்துப் பையிலிட்ட கணினி சிலபோது அடுப்புப்போற் சுடுவதற்கு இதுவும் ஒரு காரணம். நிரல்கள் உறைந்த பின்னர் சாதனங்கள் ஒவ்வொன்றாகத் துயில்விக்கப்படுகின்றன. இதில் வரிசை முக்கியம்: வட்டு உறங்குமுன் அதனைத் தாங்கிய இணைப்பு உறங்கலாகாது. பிள்ளை உறங்கிய பிறகே தாய் உறங்கலாம். எழுங்காலத்தோ தாயே முன்னர் எழல் வேண்டும். பின்னர்ப் பிராசஸரின் பல கூறுகளுள் ஒன்றொழிய ஏனையவை நிறுத்தப்படும். கடைசியாக எஞ்சிய அவ்வொன்று பொறியின் ஃபர்ம்வேரிடம் ஆட்சியை ஒப்படைத்து ஓய்கிறது. ராம் மட்டும் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் நிலையில், மின்கலத்திலிருந்து சிறிதளவு மின்சாரத்தை உண்டு எழுத்தைக் காத்து நிற்கும்.

மேற்கூறியது எஸ் 3 ஆகும். கெர்னல் இதனை டீப் என்னும் பெயரால் அறியும். இதனினும் மேலோட்டமான எஸ்டுஐடில் என்னும் துயில் வேறொன்றுண்டு. அதில் ஃபர்ம்வேரிடம் ஆட்சி செல்வதில்லை; நிரல்களும் சாதனங்களும் உறங்க, பிராசஸர் வேலையின்றிச் சும்மா இருக்கும். விழிப்பது விரைவு, ஆனால் மின்கலம் கரைவது மிகுதி. அண்மை ஆண்டுகளில் விற்பனைக்கு வரும் மடிக்கணினிகள் பலவற்றில் எஸ் 3 அறவே இல்லாமையால் இதுவொன்றே கதியாயிற்று. தம்முடைய பொறி எவ்வகைத்தென அறிய விரும்புவோர், சிஸ் என்னும் அடைவினுள் பவர் என்னும் பிரிவில் மெம்ஸ்லீப் என்னும் கோப்பைத் திறந்து பார்க்கலாம். எந்தச் சொல் சதுர அடைப்பினுள் நிற்கின்றதோ அதுவே நடைமுறையில் உள்ளது. டீப் என்னும் சொல்லும் அங்கே காணப்படின் அதனை அக்கோப்பில் எழுதி மாற்றிக்கொள்ளலாம். என்றும் நிலைக்க வேண்டுமாயின் மெம்ஸ்லீப் டிஃபால்ட் என்னும் கட்டளைச்சொல்லைப் பூட் லோடரின் வரியிற் சேர்த்தல் வேண்டும். அதே பிரிவில் ஸ்டேட் என்றொரு கோப்பு உண்டு. அதில் மெம் என்று எழுதினால் அறிதுயில். டிஸ்க் என்று எழுதினால் நெடுந்துயில். திரையிற் காணும் அழகிய பொத்தான்கள் எல்லாம் முடிவில் இவ்வொரு சொல்லை எழுதுதற்கு எடுத்த வேடங்களேயன்றி வேறல்ல.

இவையெல்லாம் நிகழ்தற்குக் கெர்னலைக் கட்டும்போதே அதற்குரிய பகுதிகளைச் சேர்த்திருத்தல் வேண்டும். மெனுகான்ஃபிக் என்னும் பட்டியலில் மின்நிர்வாகமும் ஏசிபிஐயும் பற்றிய பிரிவினுள் சஸ்பெண்ட், ஹைபர்னேஷன் என்னும் இரண்டு தெரிவுகளும் உள்ளன. ஸ்வாப் என்னும் ஆதரவு சேர்க்கப்படாத கெர்னலுக்கு ஹைபர்னேஷன் என்னும் தெரிவு கிட்டாது. காரணம் மேலே விளங்கும். டெபியன், ஃபெடோரா முதலிய வெளியீட்டாளர் தரும் கெர்னல்களில் இவை முன்னரே சேர்ந்திருத்தலின், கெர்னலைத் தாமே கட்டிக்கொள்ளும் ஆர்வமுடையார்க்கே இக்கவலை உரியது.

நெடுந்துயிலின்கண்தான் உண்மையான நுட்பம் உள்ளது. நினைவகம் முழுவதையும் பெயர்த்தெழுதுவது கெர்னல். அக்கெர்னலோ அந்நினைவகத்தினுள்ளேயே வாழ்வது. எழுத எழுத, எழுதும் செயலே நினைவகத்தை மாற்றிக்கொண்டிருக்கும். ஓடுகின்றவன் தன் நிழற்படத்தைத் தானே எடுக்கப் புகுந்தாற்போன்ற இடர் இது. கெர்னல் இதனை இரண்டு படியாகத் தீர்க்கின்றது. நிரல்களையும் சாதனங்களையும் உறையவைத்து, பிராசஸரின் ஒரு கூறு தவிர ஏனையவற்றை நிறுத்தி, குறுக்கீடுகளையும் அடைத்துவிட்டு, எதுவும் அசையாத அந்தக் க்ஷணத்தில், வேண்டிய பக்கங்களையெல்லாம் ராமிலேயே வெற்றிடமான பக்கங்களுக்கு நகலெடுக்கின்றது. நகல் எடுத்தாகிவிட்டபின் மூலம் மாறினாலும் கவலையில்லை. ஆகவே சாதனங்களை மீண்டும் எழுப்பி, நகலினைச் சுருக்கி, அமைதியாக வட்டில் எழுதுகின்றது. நகலும் ராமிலேயே இருத்தல் வேண்டுமாகலின், நினைவகத்திற் பாதிக்கு மேல் படமாக்குதல் இயலாது. படத்தின் அளவு ராமின் 5இல் 2 பங்கினை ஒட்டி அமையுமாறு முயல்வது இயல்பான ஏற்பாடு. இமேஜ்சைஸ் என்னும் கோப்பில் இதனை மாற்றிக்கொள்ளலாம்.

விழிப்பதும் அவ்வளவே விசித்திரமானது. மின்பொத்தானை அழுத்தியவுடன் எழுவது பழைய கெர்னலன்று. புதிதாய்ப் பிறந்த வேறொரு கெர்னல். அது வட்டிலுள்ள படத்தைக் கண்டு, அதனை நினைவகத்தில் ஏற்றி, தான் இருந்த இடத்தின்மேலேயே பழைய பக்கங்களைப் படியச்செய்து, ஆட்சியை அவற்றுக்கு விட்டு மறைந்துபோகின்றது. தன் வாரிசுக்காக அன்றி, தன் முன்னோனுக்காகத் தன்னை மாய்த்துக்கொள்ளும் மன்னன் என்னலாம். எழுந்த பழைய கெர்னலோ, தான் நகலெடுத்துக்கொண்டிருந்த அதே வரியில் நிற்கக் காண்கின்றது. அவ்வரியை அது இருமுறை கடக்கின்றது: உறங்குமுன் ஒருமுறை, விழித்தபின் ஒருமுறை. இப்போது வட்டில் எழுதவேண்டுமோ, அன்றி எழுந்து வேலைக்குச் செல்லவேண்டுமோ என்பதை அதற்கு உணர்த்துவது ஒரேயொரு மாறியின் மதிப்பு. உறங்குமுன் அது 1, விழித்தபின் 0. மூலநிரலை எழுதியோர், ஆட்சி இவ்விடத்தில் மாயம்போல் வந்து தோன்றுமென்று அவ்வரிக்கருகே குறிப்பும் வரைந்து வைத்துள்ளனர். படித்து மகிழத்தக்க இடம் அது.

படத்தை எழுதுதற்கு இடம் வட்டின் ஸ்வாப் பகுதியாகும். ராம் போதாதவிடத்துப் பக்கங்களை ஒதுக்கி வைத்தற்கென அமைந்த பகுதி அது. அது சிறிதாயின் படம் அடங்காது. ஆதலால் ராமின் அளவுக்குக் குறையாமல் ஸ்வாப் வைத்திருப்பது நலம். ஸ்ராம் எனப்படும், நினைவகத்திலேயே அமைந்த ஸ்வாப் இதற்குச் சிறிதும் உதவாது. கரும்பலகையைக் கரும்பலகையிலேயே பெயர்த்தெழுதிப் பயனென்னை? படம் எழுதப்பட்டதும் ஸ்வாப் பகுதியின் தலைப்பில் இருந்த அடையாளச் சொல் மாற்றப்பட்டு, இங்கே ஒரு படம் உறங்குகின்றது என்னும் குறி இடப்படும். விழிக்கும் கெர்னல் அக்குறியைக் கண்டால் உடனே பழைய சொல்லைத் திரும்ப எழுதிவிட்டே படத்தைப் படிக்கத் தொடங்கும். ஒரே படத்தினின்று இருமுறை விழித்தல் கூடாதென்பதே இதன் கருத்து.

எந்த வட்டின் எந்தப் பகுதியில் தேடுவது என்பதை விழிக்கும் கெர்னலுக்கு நாம் கூறியிருத்தல் வேண்டும். பூட் லோடரின் வரியில் ரெஸ்யூம் என்னும் சொல்லை எழுதி, அதற்கு ஸ்வாப் பகுதியின் பெயரைத் தருவதே வழி. நெடுந்துயில் பலருக்கும் பலிக்காமைக்கு நாம் கண்டவரையில் பெருங்காரணம் இவ்வொரு சொல் இன்மையே. உறக்கம் ஒழுங்காக நடக்கும், படமும் எழுதப்படும், எழும்போதோ யாதொன்றும் அறியாத புதுக்கணினியாக எழும். ஸ்வாப் தனிப்பகுதியாக இன்றி ஒரு கோப்பாக இருக்குமாயின், அக்கோப்பு தங்கும் பகுதியின் பெயரோடு, அதனுள் கோப்பு தொடங்கும் இடத்தையும் ரெஸ்யூம் ஆஃப்செட் என்னும் சொல்லால் எண்ணிட்டுக் குறித்தல் வேண்டும். கோப்பினை அழித்து மீண்டும் படைத்தால் இவ்வெண் மாறிவிடும் என்பதை மறவாதிருக்க. மேலும், வட்டின் கோப்பமைப்பை ஏற்றுமுன் இயங்கும் இனிட்ராம்எஃப்எஸ் என்னும் சிறு தொகுதியே படத்தைத் தேடும் வேலையைச் செய்வதாகலின், அதனுள்ளும் இதற்குரிய பகுதி சேர்ந்திருத்தல் வேண்டும். ஆர்ச் லினக்ஸில் இத்தொகுதியின் அமைப்பில் ரெஸ்யூம் என்னும் கொக்கியைச் சேர்த்தல் மரபு. சிஸ்டம்டி என்னும் நிர்வாக நிரலோ, 2023ஆம் ஆண்டு முதற்கொண்டு, யுஇஎஃப்ஐ உள்ள பொறிகளில் ஸ்வாப் இருக்குமிடத்தை ஃபர்ம்வேரிலேயே எழுதி வைத்து இத்தொல்லையைக் குறைக்கின்றது.

கோப்பமைப்பை ஏற்றுமுன் என்றோம். அம்முன் என்னும் சொல்லிலேதான் பெரிய அபாயம் அடங்கியுள்ளது. உறங்கும் படத்தினுள் இருப்பவை நிரல்கள் மாத்திரமல்ல. வட்டின் எப்பகுதியில் எக்கோப்பு உள்ளது, எவ்விடம் வெற்றிடம் என்பதைப் பற்றிப் பழைய கெர்னல் கொண்டிருந்த நினைவும் அதனுள் இருக்கின்றது. கணினி உறங்குங்கால் எவரேனும் அவ்வட்டினை வேறொரு முறைமையில் ஏற்றி அதில் ஒரு கோப்பை எழுதினார் என்க. வட்டு மாறிவிட்டது; படத்தின் நினைவு மாறவில்லை. விழித்த கெர்னல் தான் வெற்றிடமென நினைத்திருந்த இடத்தில் ஐயமின்றி எழுதும். அங்கே புதிதாய் வந்திருந்தது அழியும். அதன்மேல் அட்டவணைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டு, நெடுநாள் முன்னர் எழுதிய கோப்புகளும் சிதையும். ஊரைவிட்டுப் போனவன் பத்தாண்டு கழிந்து வந்து, பழைய நினைவைக் கொண்டே நிலத்தை அளந்து வேலியிட்டாற் போலாம். ஒரு மாணவரின் ஆராய்ச்சிக் கட்டுரையும் அதற்காகத் தொகுத்த தரவுகளும் அவ்வட்டில் மட்டுமே இருந்தால், அவை மீளுமென எவராலும் உறுதி கூறவியலாது. படிக்கமட்டும் ஏற்றினேன் என்பதும் போதிய சமாதானமன்று. குறிப்பேடு வைக்கும் கோப்பமைப்புகள் சில, படிக்க ஏற்றியபோதும் அக்குறிப்பேட்டைச் சரிசெய்தற் பொருட்டு வட்டில் எழுதுவன. ஒரே வட்டில் இரண்டு முறைமைகளை வைத்திருப்போர் இவ்விடத்து மிக்க ஜாக்கிரதையாக இருத்தல் வேண்டும். விண்டோஸ் 8 வெளிவந்த 2012ஆம் ஆண்டு முதல், அம்முறைமையில் அணைத்தல் என்று நாம் நினைப்பது பலபொறிகளில் முழு அணைப்பன்று. விரைவுத் தொடக்கத்தின் பொருட்டு அதன் கெர்னல் நெடுந்துயிலிற் கிடப்பதாம். அதனாலேயே லினக்ஸின் என்டிஎஃப்எஸ் 3ஜி என்னும் இயக்கி அத்தகைய பகுதியை எழுதுதற்கு ஏற்ற மறுக்கின்றது. அம்மறுப்பைத் தொல்லையென்று கருதி வலிந்து ஏற்றுவோர் தமக்குத் தாமே குழிதோண்டுகின்றனர்.

காவலைப் பற்றியும் ஒரு சொல். நினைவகத்தில் உள்ளன யாவும் படத்தில் உள்ளன. கடவுச்சொற்களும் மறைகுறித் திறவுகளும் அவற்றுள் அடங்கும். ஸ்வாப் மறைகுறியாக்கப்படாதிருப்பின், வட்டினைக் கழற்றிச் சென்றவன் அவற்றையும் கொண்டுசென்றவனாவான். ஒவ்வொரு தொடக்கத்திலும் புதியதொரு திறவினால் ஸ்வாப்பை மறைகுறியாக்கும் ஏற்பாடோ பாதுகாப்பானது. ஆயின் பழைய திறவு மறைந்தபின் படத்தைப் படிப்பார் யார்? நெடுந்துயிலை விரும்புவோர் மாறாத திறவினையே வைத்துக்கொள்ளல் வேண்டும். 2019ஆம் ஆண்டில் வெளிவந்த 5.4 பதிப்பிற் சேர்ந்த லாக்டவுன் என்னும் பூட்டு இயங்குங்காலும் நெடுந்துயில் கிட்டாது. வட்டிலுள்ள படத்தை இடையில் ஒருவர் திருத்திவைத்தாரா என்பதைச் சோதித்தற்கு வழியில்லையாகலின், கெர்னல் அதனை நம்ப மறுக்கின்றது. செக்யூர் பூட் இயங்கும் பொறிகளில் வெளியீட்டாளர் பலர் இப்பூட்டினைத் தாமே பூட்டிவிடுவதால், அமைப்பெல்லாம் சரியாயிருந்தும் நெடுந்துயில் ஏன் பட்டியலில் இல்லையென்று திகைப்போர் பலர். உபுண்டுவோ இதற்கு நெடுநாள் முன்னரே, 2012ஆம் ஆண்டின் 12.04 பதிப்பில், எல்லாப் பொறிகளிலும் நம்பத்தக்கதாய் இல்லையென்று அதனைப் பட்டியலினின்று நீக்கிற்று. அத்தீர்ப்பை நாம் குறைகூற மாட்டோம்.

உறங்கிய கணினி எழாதொழியின் என் செய்வது? திரை கருத்து நிற்கும். எந்தச் சாதனத்தின் இயக்கி பிழைத்தது என்பதைச் சொல்வார் ஒருவருமிலர். இதற்கெனக் கெர்னல் படிப்படியான சோதனையொன்றை வைத்துள்ளது. பிழைதேடும் தெரிவுடன் கட்டப்பட்ட கெர்னலில் பிஎம்டெஸ்ட் என்னும் கோப்பு காணப்படும். அதில் ஃப்ரீசர் என்று எழுதித் துயிலுக்கு ஆணையிட்டால், நிரல்களை உறையவைக்கும் படியோடு நின்று, 5 விநாடி கழித்துத் தானே திரும்பிவரும். அடுத்து டிவைசஸ், பிளாட்ஃபார்ம், பிராசஸர்ஸ், கோர் என ஒவ்வொரு சொல்லாக எழுதிச் சோதித்துக்கொண்டே சென்றால், எப்படியிற் சறுக்கு நேர்கின்றது என்பது வெளிப்பட்டுவிடும். டிவைசஸ் என்னும் படியில் நின்றுபோயின், இயக்கி மாட்யூல்களைப் பாதி பாதியாக நீக்கிப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம்.

இதனினும் வேடிக்கையான உபாயம் 2006ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிச் சேர்த்தது. எழும்போது கணினி உயிரற்று நின்றுவிட்டால் ராமில் எழுதிய குறிப்புகள் மறுதொடக்கத்தில் அழிந்துபோகும். வட்டோ இன்னும் எழவில்லை. அந்நிலையிலும் அழியாத இடம் பொறியினுள்ளே ஒன்றே ஒன்று உண்டு: நாள் நேரம் காட்டும் கடிகாரம். ஆகவே பிஎம்டிரேஸ் என்னும் கோப்பில் 1 என்று எழுதிவிட்டால், ஒவ்வொரு சாதனத்தை எழுப்புமுன்னும் அதன் அடையாளத்தைக் கெர்னல் ஓர் எண்ணாகச் சுருக்கிக் கடிகாரத்தின் நாளும் மணியுமாக எழுதி வைக்கின்றது. நின்றுபோன கணினியை உடனே அணைத்து மீண்டும் தொடக்கினால், புதிய கெர்னல் கடிகாரத்தைப் படித்து, கடைசியில் தொட்ட சாதனம் இதுவாகலாமென்று தன் செய்திப்பதிவில் அறிவிக்கும். கடிகாரம் ஓடிக்கொண்டே இருப்பதால் ஏறத்தாழ 3 நிமிடத்துக்குள் இதனைச் செய்தல் வேண்டும். சோதனைக்குப் பின்னர்க் கணினியின் நாட்காட்டி வேறேதோ ஆண்டைக் காட்டும். அதனைத் திருத்திக்கொள்வது பயனர் கடமை.

நெடுந்துயிலை முதன்முறை சோதிப்போர்க்கு மின்சாரத்தை அணைக்காமலே முழுச்சுற்றையும் நடத்திப்பார்க்க ஒரு வழியுண்டு. பவர் பிரிவிலுள்ள டிஸ்க் என்னும் கோப்பில் டெஸ்ட் ரெஸ்யூம் என்னும் சொல்லை எழுதிப் பின்னர் ஸ்டேட் கோப்பில் டிஸ்க் என்று எழுதினால், கெர்னல் படத்தை வட்டில் எழுதி, அப்போதே அதனைத் திரும்பப் படித்து, அதினின்றே விழித்துக்காட்டும். சோதனைக்குமுன் வேண்டிய கோப்புகளைப் பிறிதொரு வட்டில் நகலெடுத்துக்கொண்டு, அவ்வட்டினைக் கழற்றி வைத்துவிடுக. பின்னொருநாள் படம் பழுதுபட்டு விழிக்கும்போதெல்லாம் கணினி நின்றுவிடுமாயின், பூட் லோடரின் வரியில் நோரெஸ்யூம் என்னும் ஒரு சொல்லைச் சேர்த்துத் தொடக்கினால், கெர்னல் படத்தைத் தேடாமலே எழும். சேமியாத வேலை போய்விடுமாயினும் வட்டிலுள்ளவை தப்பும். அப்பால் ஸ்வாப் பகுதியை எம்கேஸ்வாப் என்னும் கட்டளையால் புதிதாக்கிவிட்டால், அப்பழைய படம் மீண்டும் தலைகாட்டாது.